தீயணைப்பு வீரர் வீட்டில் ஒரு ஸ்டூ

என் அன்பு மகளுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மா நலம், சமையலறை மட்டும் மெல்லத் தேறி வருகிறது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்கும் ஒழுங்காகப் போய் வருகிறாய் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீ ஒன்பது வார்த்தை பேசுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ கட்டிக்கொள்ள நினைக்கிறாயே, அந்தச் சமையல்காரத் தம்பி, அவன் நேற்று ஓட்டலுக்கு லீவு போட்டுவிட்டு நம் வீட்டுக்கு வந்தான். "அவர் கையால ஒரு நாள் சாப்பிட்டுப் பாருங்கப்பா, அப்புறம் முடிவு சொல்லுங்க" என்று நீ கெஞ்சியதால்தான் வரச் சொன்னேன். சாப்பிட்டுப் பார்த்தேன். முடிவையும் சொல்லிவிடுகிறேன்: இந்தச் சம்பந்தம் சரிப்பட்டு வராது. காரணங்களை விவரமாக எழுதுகிறேன். காலமெல்லாம் தீயணைப்பு நிலையத்தில் குப்பை கொட்டியவன் நான், அறிக்கை எழுதுவது எனக்குப் புதிதல்ல.

முதல் காரணம், அவன் கொண்டுவந்த பை. தக்காளியும் கடல் சாமான்களும் போட்டு ஸ்டூ வைக்கப்போகிறானாம். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே இறால், கணவாய், சிப்பி, தலையோடு ஒரு மீன், எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு நண்டு. நண்டு இரண்டும் உயிரோடு! "தம்பி, இதுங்க இன்னும் நடமாடுதே?" என்றேன். "ஆமா சார், அப்பதான் ருசி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவத் திரும்பினான். திரும்பியவன் மறுபடி திரும்புவதற்குள் ஒரு நண்டு குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் போய்விட்டது. உடனே மீட்புப் பணியை நான் என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். உன் அம்மாவை நாற்காலிமேல் ஏற்றினேன், டார்ச் லைட்டை அவள் கையில் கொடுத்தேன், தரையில் குப்புறப் படுத்து இடுக்கியை நீட்டினேன். நண்டு இடுக்கியை விட்டுவிட்டு என் தோளில் கிடந்த துண்டைப் பிடித்துக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் விடவில்லை. அந்தப் பையன் வந்து பார்த்தான், சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்கினான், அது எனக்குத் தெரிந்தது. பெரியவர்களைப் பார்த்துச் சிரிப்பை அடக்குகிறவனை எப்படி மாப்பிள்ளையாக்குவது?

இரண்டாவது காரணம் என்று இதைச் சொல்லலாம், அல்லது இதுதான் முதலாவது, நண்டு சும்மா வந்து சேர்ந்தது. தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோலை உரித்து, வெங்காயம் பூண்டோடு பெரிய பாத்திரத்தில் ஏற்றிவிட்டு, "சின்னத் தீயில ஒரு மணி நேரமாவது சுண்டணும் சார், அவசரப்பட்டா புளிப்பு நிக்கும்" என்றான். சொல்லிவிட்டு அடுப்பை அப்படியே எரியவிட்டுக் கூடத்துக்குப் போய், உன் அம்மாவோடு இறால் உரிக்க உட்கார்ந்துவிட்டான். ஆளில்லாத அடுப்பு! ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக நின்று, எதைச் செய்யாதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேனோ அதையே என் வீட்டில் செய்கிறான். நான் தண்ணீர் குடிக்கப் போனபோது கை தானாக அடுப்பை அணைத்துவிட்டது. அவன் வந்து பார்த்தான், மறுபடி பற்றவைத்துவிட்டுப் போனான். எனக்கு மறுபடி தாகம், இந்தத் தடவை கை ரெகுலேட்டரையும் மூடிவிட்டது. நேற்று ஏனோ எனக்குத் தாகம் அதிகம். கடைசியில் அடுப்பு பற்றாமல் போகவே அவன், காஸ் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று சொல்லி, பால்கனியிலிருந்து புது சிலிண்டரைத் தோளில் தூக்கிவந்து மாட்டினான். கேட்காத கேள்விக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? (சிலிண்டரைத் தூக்கியபோது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கினான். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.)

அடுத்த தாகத்தின்போது உன் அம்மா என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். "ஏங்க, பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா வாயால சொல்லுங்க. அடுப்ப எதுக்கு அணைக்கிறீங்க?" என்று அவள் போட்ட சத்தம் பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும். எனக்கு மானம் போயிற்று. அந்தப் பையன் கோபப்பட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், நிம்மதியாக உனக்கு நாலு வரியில் எழுதியிருப்பேன். அவனோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டு, "உக்காருங்க சார். நீங்க காவல் இருந்தா அது ஆளில்லாத அடுப்பு இல்லையே" என்று சொல்லிக் கரண்டியையும் என் கையில் கொடுத்துவிட்டான். எவ்வளவு சாமர்த்தியம் பார். வந்த வீட்டில் வீட்டுக்காரனையே வேலை வாங்குகிறான். தக்காளி சுண்டும்வரை கிளறியது நான். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

அதற்குப் பிறகுதான் விபத்து. இறால் தலையையும் ஓட்டையும் காய்ந்த எண்ணெயில் போட்டு வறுத்தால் சாறு மணக்குமாம். வறுத்தான். வாணலியில் குப்பென்று தீப்பிடித்தது. காலையிலேயே நான் சாக்கை நனைத்துப் பிழிந்து தயாராக வைத்திருந்தேன், மணல் வாளியும் வைத்திருந்தேன். மணல் வாளியை மட்டும் உன் அம்மா, "மண்ணக் கொட்டினீங்கன்னா நான் இப்பவே என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்" என்று பிடுங்கிக்கொண்டாள். சாக்கை வீச நான் பாய்ந்தபோது அவன், "மாமா, தள்ளுங்க!" என்று அலறி, என்னை ஒரு தள்ளு தள்ளிவிட்டு எனக்கும் தீக்கும் நடுவில் நின்றான். சாக்கு வாணலியை மூடியது, தீ அணைந்தது, இறால் ஓடு போயே போயிற்று. அவன் முன்கையில் ஒரு மயிர் மிச்சமில்லை. இதில் இரண்டு குற்றங்கள். ஒன்று, என்னை மாமா என்று கூப்பிட அவனுக்கு யார் அனுமதி கொடுத்தது? இரண்டு, கூட நிற்பவனை முதலில் விலக்கு என்பது நாங்கள் வேலைக்குச் சேர்ந்ததும் படிக்கும் பாடம். பயிற்சியே இல்லாதவன் அதைத் தன் இஷ்டத்துக்குச் செய்யலாமா?

ஸ்டூவின் ருசி பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டதாக உன் அம்மா சொல்வாள். நம்பாதே. இரண்டு தடவைதான். மூன்றாவது தடவை ரொட்டி மீந்துவிட்டதால் தொட்டுக்கொள்ள வாங்கினேன்.

ஆனால் அவன் உட்காரவே இல்லையம்மா. எங்களுக்குப் பரிமாறி, நாங்கள் கை கழுவிய பிறகு, அடுப்படியில் நின்றபடியே ஆறிப்போனதை இரண்டு வாய் போட்டுக்கொண்டான். "பழக்கமாயிடுச்சு சார்" என்றான். மேலே எழுதியதெல்லாம் கிடக்கட்டும், என் நிஜமான காரணம் இதுதான். ஊரே சாப்பிட உட்காரும் நேரத்தில் அவனுக்கு வேலை. அவன் வீடு திரும்பும்போது நீ தூங்கிப்போயிருப்பாய். நானும் ஷிப்ட் பார்த்தவன்தான். மூடிவைத்த தட்டுக்கு எதிரே உன் அம்மா எத்தனை நாள் தனியாக உட்கார்ந்திருந்தாள் என்பது உனக்கும் தெரியும். நீ அப்படி உட்காரக் கூடாது. பையன் நல்லவன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நல்லவன் என்பதால்தான் பயமாக இருக்கிறது. கெட்டவனாக இருந்தால் நீ அவனுக்காகக் காத்திருக்கமாட்டாய்.

ஆகையால் வேண்டாம். அப்பாவின் முடிவு இதுவே. நீ எல்லா நலமும் பெற்றுச் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும். உன் அம்மா முத்தம் அனுப்பியிருக்கிறாள். என்னோடு பேச்சு வார்த்தை இல்லாததால் அதைச் சைகையில்தான் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
(ஓய்வு பெற்ற நிலைய அதிகாரி)

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வாசல் மணி அடித்தது. அவன்தான். நம் வாணலி கரிந்துவிட்டதாம், புதிது வாங்கி வந்திருக்கிறான். சாயங்காலம் மணி ஏழு. "இந்த நேரத்துல ஓட்டல்ல வேலை இருக்குமே தம்பி?" என்று கேட்டேன். "நான் பகல் வேலைக்கு மாத்திக்கிட்டேனே" என்றான். தலைமைச் சமையல்காரர் பதவி ராத்திரி வேலைக்காரர்களுக்குத்தானாம், அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். நீ திட்டுவாய் என்று உன்னிடம் சொல்லவில்லையாம், என்னையும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டான். நான் சொல்லிவிட்டேன். "ஏம்பா இத நேத்தே சொல்லல?" என்றேன். "நீங்க கேக்கவே இல்லையே மாமா" என்கிறான்.

மேலே எழுதியதில் ஆசீர்வாதம் மட்டும் செல்லும், மீதியை அடித்துவிடு. கல்யாணத்துக்கு நாள் நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். உன் அம்மா (பேச ஆரம்பித்துவிட்டாள்) சாப்பிடக் கூப்பிடுகிறாள். மாமா வந்தால்தான் தட்டில் கை வைப்பேன் என்று அவன் உட்கார்ந்திருக்கிறானாம். இத்தோடு முடிக்கிறேன், பிள்ளை பசியோடு இருக்கிறான்.