கிணற்றைப் பெண் கேட்கப் போனோம்

மஃப்ரக்,
வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய மூத்த சகோதரர், பல் மருத்துவர் முன்திர் அவர்களின் சமூகத்திற்கு,

தங்கை ருபா ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. குவைத் வெயிலும் அண்ணியின் கோபமும் உங்களுக்கு இதமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். இங்கே நான், கணவர் லைத், குழந்தை ஜூத், மாமா, மாமி, வீடு முழுக்கக் கிடக்கும் என் கற்கள் எல்லோரும் நலம். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம், சொன்னால் நீங்கள் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த பல்லைப் பிடுங்கப் போய்விடுவீர்கள். இது கட்டைவிரலில் அடங்குகிற விஷயம் இல்லை.

நான் சுற்றுச்சூழல் புவி அறிவியலில் சேர்ந்தபோது, "மருந்தியல் படிச்சா ஒரு கடை வைக்கலாம், கல்லைப் படிச்சா எடுத்து எறியத்தான் முடியும்" என்றீர்களே, மறந்திருக்க மாட்டீர்கள், நான் மறக்கவில்லை. இப்போது கடைசி வருடம். குழந்தை பேசிய முதல் வார்த்தையே "கல்"தான். பூமியைத் துளைத்து எடுத்த உருளைச் சுண்ணாம்புக்கல் ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தேன். மாமி அதை வைத்துப் பூண்டு நசுக்குகிறார், "உரலுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குடி" என்று பாராட்டு வேறு. ஜூத் எதையாவது வாயில் போட்டால் எனக்கு உயிரே போய்விடுகிறது. படிக்காதவள் என்றால் துடைத்துவிட்டுப் போவாள், அதில் ஈயம் இருக்குமோ ஆர்சனிக் இருக்குமோ என்று படித்தவளுக்குத்தானே நடுக்கம்!

என் பட்டத்துக்கான ஆய்வு நம் வட்டாரத்துக் கிணறுகளின் வரைபடம். எந்தத் தண்ணீரில் உப்பு ஏறுகிறது, எதில் உரம் கலக்கிறது என்று நிறம் தீட்ட வேண்டும். எல்லாக் கிணறும் வந்துவிட்டது, நட்டநடுவில் அபூ நவ்ஃபலின் கிணறு மட்டும் வெள்ளையாக நிற்கிறது. பேராசிரியை பார்த்துவிட்டு, "நடுவுல ஓட்டையோட கொண்டு வந்தா அடுத்த வருஷமும் வாம்மா" என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் எங்கே வருவது, ஜூத்தைப் பார்த்துக்கொள்வது இந்தக் கோடையோடு சரி என்று மாமி முன்பே சொல்லியாகிவிட்டது. அதனால் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நானே அவர் வாசலில் போய் நின்றேன்.

"யாரு அனுப்பிச்ச ஆளு நீ? இன்னைக்குப் பாட்டிலோட வருவ, நாளைக்கு அதிகாரி சிமெண்ட்டோட வந்து என் கிணத்து வாயை அடைப்பான்" என்றார். கிணற்றுக்கு உரிமம் கிடையாது, அது ஊருக்கே தெரியும்.

"பெரியப்பா, நான் லைத்தோட பொண்டாட்டி, அபூ லைத் மருமக."

"அப்ப இன்னும் மோசம். உக்காரு, டீ குடி."

டீ மட்டும் மேலும் மேலும் ஊற்றினார், தண்ணீர் ஒரு சொட்டு தரவில்லை. அந்த டீயும் அதே கிணற்றுத் தண்ணீர்தான், ஆனால் டீயை எப்படி அண்ணா சோதிப்பது!

"அப்ப இன்னும் மோசம்" என்பதைக் கேட்டதும் மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். இவர்தான் நான் என்ன படிக்கிறேன் என்று யார் கேட்டாலும் "ஏதோ படிக்கிறா" என்று பேச்சை மாற்றுகிறவர். தங்கச் சரிகை மேலங்கியை எடுத்துப் போட்டார், சித்தப்பா பெரியப்பா எல்லோரையும் திரட்டினார், ஒன்பது கார் வரிசையாகக் கிளம்பியது. உங்களுக்குப் பெண் கேட்கப் போனபோது நம் அப்பா காபிக் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்து, கேட்டதைத் தருகிறோம் என்று பெண் வீட்டார் சொன்ன பிறகுதானே குடித்தார், அதே முறை, அதே மரியாதை. நான் உள்ளே பெண்கள் பக்கம் கதவோரமாக நின்றேன். மாமா கோப்பையைக் கீழே வைத்தார். அபூ நவ்ஃபல் விழித்தார்.

"என் பொண்ணுங்க எல்லாம் புருஷன் வீட்டுல இருக்காளுங்களேப்பா, யாரைக் கேட்டு வந்திருக்கீங்க?"

"உன் கிணத்தை. ஒரு பாட்டில்."

என் பக்கத்தில் நின்ற அவர் மனைவி உம்மு நவ்ஃபல் முணுமுணுத்தார். "என்னைக் கேட்டு வந்தப்பவே ரெண்டு காருதான். கிணத்துக்கு ஒன்பதா?"

மாமா பேசினார் அண்ணா. "என் மருமக மண்ணுக்குக் கீழே தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, எங்க உப்பாகுது, எதைக் குடிச்சா பச்சப் புள்ளைக்கு மூச்சு நீலமாகும்னு படிக்கிறா. அவ வரைபடத்துல உன் வீடு மட்டும் வெள்ளையா கிடக்கு. உன் பேரன் என்னத்தைக் குடிக்கிறான்னு தெரியாமலே குடிக்கட்டும்னு சொல்லு, நாங்க இந்தக் காபியைத் தொடாம எழுந்து போறோம்." மூச்சு நீலமாகாது, உடம்புதான் நீலமாகும், பரவாயில்லை. ஜூத்தைத் தூங்க வைக்க நான் பாடத்தைச் சத்தம் போட்டுப் படிக்கும்போதெல்லாம் பக்கத்து அறையில் செய்தி கேட்பதுபோல் உட்கார்ந்திருந்த மனிதர் என் பாடத்தைத்தான் கேட்டிருக்கிறார்! கதவோரம் நின்று அழுதேன். நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"குடிங்கய்யா" என்றார் அபூ நவ்ஃபல். "கிணறு உங்களோடது. ஆனா முடிவு வந்தா முதல்ல எனக்குத்தான் சொல்லணும், அதிகாரிக்கு இல்ல." அதுதான் அவர் கேட்ட பரிசம். பாட்டில் நிரம்பியபோது உம்மு நவ்ஃபல் குலவையிட்டார்.

பாட்டில் இப்போது எங்கள் குளிர்பெட்டியில், அபூ நவ்ஃபல் பெயர் எழுதி ஒட்டி, மணப்பெண் மாதிரி இருக்கிறது. ஞாயிறு காலை ஆய்வகத்தில் கொடுத்துவிட்டால் வரைபடம் முடிந்தது, பட்டமும் வந்தது. பட்டமளிப்புக்கு விமான டிக்கெட் இப்போதே எடுத்துவிடுங்கள். கல்லை எறியத்தான் முடியும் என்ற வாய்க்கு என் கையால் மன்ஸஃப் சமைத்துப் போடுகிறேன், ஆட்டுக்கறித் துண்டு பெரியதாகவே உங்கள் பக்கம் வைப்பேன்.

அண்ணிக்கு ஸலாம். பிள்ளைகளின் பற்கள் அப்பா கைக்குப் போகாமல் நீண்ட நாள் நிலைக்கட்டும்.

அன்புத் தங்கை,
ருபா

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் அபூ நவ்ஃபல் பதில் மரியாதைக்கு வந்துவிட்டார். நான் ஜூத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். மாமா குளிர்பெட்டியைத் திறந்து, ஒட்டியிருந்த பெயரைப் படித்து, அவர் கிணற்றுத் தண்ணீரிலேயே அவருக்குக் காபி போடுவதைவிடப் பெரிய மரியாதை உண்டா என்று முழு பாட்டிலையும் ஊற்றிக் கொதிக்கவைத்துவிட்டார். அவர் மூன்று கோப்பை குடித்து, போதும் என்று கோப்பையை ஆட்டிக் காட்டிவிட்டு, "உங்க வீட்டுத் தண்ணிக்கு என்ன ருசி! என் கிணத்துல ஒரே உப்பு" என்று பெருமூச்சு விட்டார். மறுபடி கேட்பதென்றால் குடித்தது எது என்று சொல்லியாக வேண்டும். மாமா மேலங்கியை இஸ்திரி போடச் சொல்லியிருக்கிறார், இந்த முறை பதினைந்து காராம். டிக்கெட்டை இப்போதைக்கு எடுக்க வேண்டாம்.