கில்ட்டுக்குள் உள்ளது உள்ளபடி

இனி இந்த ஜன்மத்தில் எந்த அந்நியருக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்று லாக்லன் பேர்ட் சபதம் எடுத்தபோது அவர் வாய் நிறைய ஓட்ஸ் கஞ்சி இருந்தது. அதனால் விழுங்கிவிட்டு இன்னொரு தடவை எடுக்க வேண்டியதாயிற்று.

ஸ்காட்லாந்தின் ஓபன் துறைமுகத்தில் ஆணி, பூட்டு, பெயிண்ட் விற்கிறவர் அவர். கால்சட்டையில் நடமாடும் வரை யாரும் அவரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கல்யாணம், கருமாதி என்று, அந்த ஊர் ஆண்கள் முழங்கால்வரை சுற்றும் கட்டம்போட்ட பாவாடையான கில்ட்டைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் போதும். உல்லாசப் பயணம் வந்தவர், பஸ்ஸுக்கு நிற்கிறவர், சும்மா நிற்கிறவர் எல்லோருக்கும் ஒரே சந்தேகம். உள்ளே என்ன?

பெயர்தான் கில்ட், சரக்கு அசல். எட்டு கெஜம் கம்பளி. மடிசாருக்கு ஒரு கெஜம்தான் குறைச்சல். அதை மடிப்புக் கலையாமல் சுற்றி, முன்னால் தோல் பையைத் தொங்கவிட்டதும் லாக்லனுக்கு நெஞ்சு விரியும். அந்தக் கேள்வி வந்ததும் விரிந்ததற்கு மேலேயே சுருங்கும்.

"உங்களால முடியாதுங்க," என்றாள் மனைவி எல்ஸ்பெத். "போன கல்யாணத்துல ஒருத்தன் கேட்டான்னு அவனோட மல்லுக்கு நின்னீங்க. கேக் வெட்டினதைக்கூடப் பாக்கலை."

"அது போன தடவை. இன்னிக்கு மல் தீவுல இறங்கற வரைக்கும் எந்த அந்நியர் காதுலயும் ஒரு சேதி விழாது."

"பந்தயமா?"

"பந்தயம்."

"தோத்தீங்கன்னா குளிர்காலம் முழுக்க எங்கம்மா நம்ம வீட்ல."

லாக்லனுக்குப் புரையேறியது. மாமியார் விடியுமுன் எழுந்து அக்கார்டியன் வாசிப்பவர். வாசிக்கத் தெரியாது என்பது அவரை என்றைக்கும் தடுத்ததில்லை.

"ஜெயிச்சா?"

"வரமாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு." கிண்ணத்தை எடுத்துக்கொண்டே எல்ஸ்பெத் சொன்னாள். "உள்ள அந்தக் கம்பளி டிராயரைப் போட்டுக்குங்க. நான் பின்னினது. கப்பல்ல காத்து அறுத்துரும்."

"எங்க பரம்பரையில எவனும் கில்ட்டுக்குள்ள ஒண்ணும் போட்டதில்ல. எங்க தாத்தா அப்படியே பனியில ஆடு மேய்ச்சவர்."

"ஆமா. அதுக்கப்புறம் அவர் எதுலயும் உக்காரவே இல்லைன்னு உங்கம்மா சொல்லியிருக்காங்க."

லாக்லன் மாடிக்குப் போய் ஜன்னலைத் திறந்து பார்த்தார். மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தினார். பரம்பரை கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளட்டும் என்று சிவப்புக் கம்பளி டிராயருக்குள் காலை விட்டார்.

கல்யாணம் மல் தீவில், அவருடைய அண்ணன் மகனுக்கு. கப்பல் ஏறியதும் எல்ஸ்பெத், "டீ வாங்கிட்டு வரேன்" என்று கீழே போய்விட்டாள். மேல்தளத்தில் லாக்லன் தனியாக நின்றார். தனியாக நிற்கிற கில்ட், ஜனங்களை இழுக்கும்.

முதலில் ஒரு சைக்கிள்காரன் வந்தான். "அண்ணே, தப்பா நினைக்கக் கூடாது. உள்ள என்ன?"

"உள்ளது."

"உள்ளதுன்னா?"

"உள்ளே உள்ளது."

"அதுதான் என்னன்னு கேக்கறேன்."

"வெளியே இல்லாதது."

சைக்கிள்காரன் யோசித்துக்கொண்டே போனான். சைக்கிளை மறந்துவிட்டு, அதை எடுக்கத் திரும்பி வந்து, மறுபடியும் யோசித்துக்கொண்டே போனான். லாக்லனுக்கு உள்ளம் குளிர்ந்தது. மற்றதெல்லாம் கதகதப்பாகத்தான் இருந்தது.

அடுத்து, தோழியின் கல்யாணத்துக்கு முன் ஊர் சுற்றக் கிளம்பிய பெண்கள் கூட்டம் ஒன்று சூழ்ந்துகொண்டது. எல்லோர் தோளிலும் ரோஜா நிறப் பட்டி.

"சார், நாங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சிருக்கோம். இருக்கா, இல்லையா, அது மட்டும் சொல்லிடுங்க."

"எதும்மா?"

"துணி."

"துணியெல்லாம் பக்கத்துக் கடையில. என்கிட்ட ஆணிதான்."

அவர்களிடம் ஒரு குட்டை நாய் இருந்தது. அது யாரையும் கேட்காமல் நேராகக் கில்ட்டுக்குள் தலையை விட்டது, சற்று நேரம் தங்கியது, வெளியே வந்தது. இரண்டு கட்சியும் குனிந்து அதன் முகத்தையே பார்த்தன. நாய் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தும்மல் போட்டது. தும்மல் எந்தக் கட்சிக்குச் சாதகம் என்று சண்டை மூண்டது. லாக்லன் நழுவினார்.

அப்போதுதான் காற்று வந்தது. முன்பக்கத்தைப் பிடித்தால் பின்பக்கம் பறந்தது. பின்பக்கத்தைப் பிடித்தால் தொப்பி பறந்தது. தொப்பியைக் கடலுக்குத் தாரைவார்த்துவிட்டு, மூலையில் இருந்த பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு கிழவி புதினா மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தாள். பாவமாகப் பார்த்தாள்.

"குளிரலையா தம்பி?"

"பழக்கம்தாம்மா."

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். உள்ள வெறும் காத்தோட ஒரு நாள் கப்பல் ஏறினார். போயிட்டார்."

"எங்க போனார்?"

"ஒரேயடியா போயிட்டார்."

கிழவி கைக்குட்டையை எடுத்தாள். "உன்னைப் பாத்தா அவரைப் பாத்த மாதிரியே இருக்கு. அதே முழங்கால். உன் பெண்டாட்டி கதி என்ன ஆகப்போகுதோ."

ஒரு விதவை தன் முழங்காலைப் பார்த்து அழுவதை லாக்லன் அதுவரை கண்டதில்லை. மனசு இளகிவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்தார். குனிந்தார். "அழாதீங்கம்மா. உள்ள டிராயர் போட்டிருக்கேன்," என்று கிசுகிசுத்தார்.

"என்ன, டயரா?"

"டிராயர்."

"எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் காதுல விழலை தம்பி. உள்ள டயர் எதுக்கு?"

"டயர் இல்லம்மா, டிராயர். கம்பளி டிராயர்."

"கிளம்பறியா? எங்க கிளம்பறே? கப்பல் நடுக்கடல்ல நிக்குது."

கப்பல் நிஜமாகவே நின்றிருந்தது. எதிரே வந்த படகுக்கு வழிவிட அந்த நொடியில்தான் எஞ்சினை அடக்கினார்கள். காற்றும் மூச்சுவிட நின்றது. அந்தப் பரிபூரண அமைதியில் லாக்லன் பேர்டின் குரல் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை கேட்டது.

"சிவப்புக் கம்பளி டிராயர். என் பெண்டாட்டி பின்னினது."

ஒரு கட்சி கைதட்டியது. இன்னொரு கட்சி நாயைத் திட்டியது. சைக்கிள்காரன் நெஞ்சில் கைவைத்து, பெரிய பாரம் இறங்கியவனாக உட்கார்ந்தான்.

படிக்கட்டில் எல்ஸ்பெத், கையில் மூன்று டீயோடு நின்றிருந்தாள்.

"ஜீன் சித்தி, சர்க்கரை ரெண்டு கரண்டி போதுமா?" என்றாள். கிசுகிசுப்பை விடச் சன்னமான குரல்.

"போதும்டி கண்ணு," என்றாள் கிழவி உடனே.

லாக்லன் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். சித்தி. கனடாவிலே இருக்கிற சித்தி. பெயரைக் கேட்டிருக்கிறார், ஆளைப் பார்த்ததில்லை. ஒரு கணம் கடலில் குதிக்கத் தோன்றியது. மறுகணம், பந்தயத்தில் ஒரு பொத்தல் இருப்பது கண்ணில் பட்டது. எழுந்து நின்றார்.

"எல்ஸ்பெத், பந்தயம் என்ன? அந்நியர்கிட்ட சொல்லக் கூடாது. அதுதானே?"

"ஆமா."

"இவங்க யாரு? உன் சித்தி. எனக்கும் சித்தி. சொந்தம். சொந்தக்காரங்ககிட்ட சொன்னா தோல்வி இல்ல."

"மத்தவங்களும் கேட்டாங்களே?"

"நான் சித்திகிட்டதான் சொன்னேன். மத்தவங்க கேட்டது அவங்க காதோட தப்பு."

எல்ஸ்பெத் முகம் தொங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த முகம் தொங்கி லாக்லன் பார்த்ததே இல்லை. அடிக்கடி பார்க்க வேண்டும் போலிருந்தது.

"அப்போ சித்தியைச் சொந்தம்னு ஒத்துக்கறீங்க?"

"சொந்தம் மட்டுமா? பெத்த தாய் மாதிரி."

"இத்தனை பேர் முன்னாடி சொல்றீங்க."

"இன்னும் சத்தமா வேணும்னாலும் சொல்றேன்."

"சரிங்க. நீங்களே ஜெயிச்சீங்க. அம்மா வரமாட்டாங்க."

லாக்லன் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். இவ்வளவு ருசியான டீயை அந்தக் கப்பலில் அவர் குடித்ததே இல்லை.

எல்ஸ்பெத் கிழவி பக்கம் திரும்பினாள். "நான் சொன்னேன்ல சித்தி, அவர் உங்களை வெளியாளா நினைக்கமாட்டார்னு. ஓட்டல் அறையெல்லாம் வேண்டாம்னு சொல்லிடுங்க. வசந்தம் வர்ற வரைக்கும் நம்ம வீட்லதான். பெத்த தாய் மாதிரின்னு அவர் வாயாலயே சொல்லிட்டார்."

"தங்கமான மனுஷன்," என்றாள் சித்தி.

லாக்லன் டீயைப் பெஞ்சில் வைத்தார். "அப்போ உங்கம்மா?"

"அவங்க எப்படிங்க வருவாங்க? சித்தியோட வீட்டைப் பாத்துக்கணும்னு நேத்தே கனடாவுக்குக் கிளம்பிட்டாங்க."