பார்க்காத பெரியவருடன் பத்துச் சந்திப்புகள்

“இவரை நானே நேர்ல வந்து பார்க்கிறேன். வியாழக்கிழமை போகலாம்” என்றார் பேராசிரியர், ஃபைலை மூடாமலே.

அக்கா தலையாட்டி வைத்தாள். போகலாம், அதற்கென்ன? ஆனால் அந்தப் பெரியவரை அக்காவே இன்னும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லையே!

அக்கா என்பது வகுப்பு வைத்த பெயர். சமூகப்பணி முதுகலையில் மற்ற எல்லோருக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. இவளுக்கு நாற்பத்தொன்று. துணிக்கடை பில் கவுண்டரில் பதினாறு வருடம் உட்கார்ந்திருந்தவள், அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். இப்போது கடைசிப் பருவம். பட்டம் கைக்கு வந்தால் பொது மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலை தயாராக இருந்தது. களப்பணியில் பொய் எழுதியது தெரிந்தால் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. போன வருடம் ஒருவன் அப்படித்தான் மாட்டிக்கொண்டு மூட்டை கட்டினான். அவனைப் பிடித்ததும் இதே பேராசிரியர்தான். எதிரில் உட்கார்ந்தவரின் உள்ளே இருப்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும் என்பதால் மாணவர்கள் அவருக்கு ஸ்கேன் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். ஒரே ஆளைப் பத்து முறை சந்தித்துப் பேசி, ஒவ்வொரு சந்திப்பையும் விவரமாக எழுத வேண்டும். மற்றவர்களுக்கு முதியோர் நல அலுவலகம் முகவரிகளை டைப் அடித்துத் தந்தது. அக்காவுக்கு மட்டும் ஸ்கேன் தன் கையாலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எழுபத்தெட்டு வயது, தனியாக இருக்கிறார், மனைவி இல்லை, ஒரு மகன், தொடர்பு இல்லை.

“சுலபத்துல பேச மாட்டார். விவரம் தெரிஞ்சவங்க நீங்கதான் சமாளிப்பீங்க” என்றார்.

நன்றாகச் சமாளித்தாள்! முதல் நாள் மூன்று மாடி ஏறிக் கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து, “யார்றா அது? வெளிய வந்தேன்னா தடியாலயே ரெண்டு போடுவேன்!” என்று ஒரு குரல். அக்கா எந்தப் படியில் கால் வைத்து இறங்கினாள் என்பது அவளுக்கே தெரியாது. கடையில் ஒரு நாளைக்கு முந்நூறு பேரைப் பார்த்தவள்தான். ஆனால் அவர்களெல்லாம் தாங்களாக வந்து நின்றவர்கள். மூடின கதவைத் தட்டி உள்ளே போவது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

அதற்குப் பிறகு களப்பணி நாளெல்லாம் அவள் போனது நூலகத்தின் கடைசி வரிசைக்கு. அங்கே உட்கார்ந்து எழுதினாள். எழுத எழுதப் பெரியவர் ஜோராக வந்தார். மூன்றாவது சந்திப்பில் சிரித்தார். ஐந்தாவதில் அழுதார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே! எட்டாவதில் அந்த மகனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஸ்கேனின் விரல் இப்போது சரியாக அந்த எட்டாவது சந்திப்பின் மேல்தான் இருந்தது.

“மகனைப் பத்திப் பேசினார்னு எழுதியிருக்கீங்க. நீங்க கேட்டீங்களா, அவராவே பேசினாரா?”

“அவராவேதான் சார்.”

“என்ன சொன்னார்? வார்த்தை மாறாமச் சொல்லுங்க.”

போச்சு, மோப்பம் பிடித்துவிட்டார் என்று நினைத்தாள் அக்கா. பயத்தில் சிலருக்கு வாய் மூடிக்கொள்ளும். அவளுக்குத் திறந்துகொள்ளும்.

“தப்பு என் மேலயும் இருக்குன்னு சொன்னார் சார்.”

ஸ்கேன் கண்ணாடியைக் கழற்றினார். “அவரா? அவர் அப்படிச் சொன்னாரா?”

“சத்தியமா சார். அழுதுட்டே சொன்னார். மகனோட போட்டோவைத் தலையணைக்கு அடியில வெச்சிருக்கார் சார்.”

“போட்டோவா?” ஸ்கேன் ஃபைலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். கோபத்தை அடக்குகிறார் என்று அக்கா முடிவு கட்டினாள். “என்ன போட்டோ?”

“பள்ளிக்கூட யூனிஃபார்ம்ல சார். சின்னப் பையனா.”

ஸ்கேன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு மேசைக் காலண்டரில் வியாழக்கிழமையைச் சிவப்பு மையால் சுழித்தார். ஒரு தடவை சுழித்தால் போதாதா? மூன்று தடவை சுழித்தார்.

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அன்று ராத்திரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“காய்ச்சல்னு சொல்லிடு.”

“எனக்காங்க?”

“உனக்குன்னா அடுத்த வாரம் போலாம்பார். பெரியவருக்குக் காய்ச்சல்னு சொல்லு. ஒட்டிக்குமோன்னு பயந்து வரமாட்டார்.”

மறுநாள் காலை அக்கா அப்படியே சொன்னாள். சொல்லி வாயை மூடுவதற்குள் ஸ்கேன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

“காய்ச்சலா? எத்தனை நாளா? டாக்டர்கிட்ட போனாரா? கிளம்புங்க, இப்பவே போகலாம்!”

“இல்ல சார்! சரியாயிடுச்சு சார்! நேத்து சாயங்காலமே!”

“சரியானது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“போன் பண்ணினார் சார்.”

“உங்களுக்குப் போன் பண்றாரா?” ஸ்கேன் மெதுவாக உட்கார்ந்தார். அவர் முகம் போன போக்கே சரியில்லை என்று அக்காவுக்குப் பட்டது. “நம்பர் குடுங்க, நான் பேசறேன்.”

“பக்கத்து வீட்டுப் போன் சார்! அவங்க வீட்டைப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. இவரும் வியாழக்கிழமை ஊர்ல இருக்க மாட்டார் சார். தங்கச்சி வீட்டுக்குப் போறாராம்.”

“அவருக்குத் தங்கச்சியே கிடையாது” என்றார் ஸ்கேன் பட்டென்று.

அக்கா ஓர் அடி பின்வாங்கினாள். படுபாவி மனுஷன், அந்தப் பெரியவரின் குடும்ப விவரம் முழுவதையும் விசாரித்து வைத்திருக்கிறார்! இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்? வலை விரித்தாகிவிட்டது. தான் உள்ளே போய் விழ வேண்டியதுதான் பாக்கி.

“தங்கச்சி மாதிரி சார். தெரிஞ்சவங்க.”

“அப்ப வியாழன் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? நாளைக்குக் காலையில போயிடலாம். பத்து மணிக்கு.”

ஆக, இத்தனை பொய் சொன்னதில் மிச்சம், இருந்த ஒரு நாளும் போயிற்று.

வேறு வழியே இல்லை. அன்று மத்தியானம் அக்கா அந்த மூன்று மாடியையும் மறுபடி ஏறினாள். கதவைத் தட்டினாள். தட்டினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, தடவினாள் என்பதே சரி. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பலமாகத் தட்டலாம் என்று கையை ஓங்கியபோது தடி ஞாபகம் வந்தது. கை தானாக இறங்கிவிட்டது.

படியிலேயே உட்கார்ந்து நோட்டிலிருந்து தாளைக் கிழித்தாள். நாலு பக்கம் எழுதினாள்.

‘மதிப்பிற்குரிய ஐயா, நான் உங்களைப் பார்த்ததே இல்லை. ஆனால் பத்து முறை பார்த்திருக்கிறேன். மூன்றாவது முறை நீங்கள் சிரித்தீர்கள். ஐந்தாவது முறை அழுதீர்கள். எட்டாவது முறை உங்கள் மகனை மன்னித்துவிட்டீர்கள். சிரமத்திற்கு மன்னிக்கவும். நாளை பத்து மணிக்கு எங்கள் சார் வருகிறார். என்னைத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலையணைக்கு அடியில் ஒரு சின்னப் பையன் போட்டோ இருந்தால் நல்லது. யார் வீட்டுப் பையனாக இருந்தாலும் பரவாயில்லை. நான் கெட்டவள் இல்லை ஐயா, பயந்தாங்கொள்ளி. உங்கள் கதவைத் தட்டுவதற்குத் தைரியம் வராமல்தான் இவ்வளவும் செய்துவிட்டேன்.’

கதவுக்கு அடியில் தாள்களைத் தள்ளினாள். பாதி உள்ளே போனதும் மீதியை அந்தப் பக்கத்திலிருந்து யாரோ வெடுக்கென்று இழுத்தார்கள். அக்கா பிடித்தாள் ஓட்டம்.

“கையெழுத்துப் போட்டியா?” என்று கேட்டார் கணவர்.

“போட்டேங்க.”

“ரோல் நம்பர்?”

“அதையும் போட்டுட்டேன். கடைசிப் பருவத்துல எல்லாத்துலயும் போட்டுப் போட்டுப் பழகிடுச்சு.”

“சரிதான். இத்தனை நாள் சந்தேகம்தான் இருந்துது. இப்ப வாக்குமூலமே எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கே.” கணவர் அதற்குமேல் திட்டவில்லை. “போய்ட்டு வா. வந்த பிறகு என்ன ஆனாலும் பார்த்துக்கலாம்” என்றார். அதைக் கேட்டபோதுதான் அக்காவுக்கு அழுகையே வந்தது.

மறுநாள் பத்து மணிக்கு ஸ்கேன் கட்டடத்தின் வாசலில் நின்றிருந்தார். மடிப்புக் கலையாத புதுச் சட்டை. கையில் ஒரு பை நிறையப் பழம். ஒரு மாணவியின் படிப்பைக் கெடுக்க வருகிறவருக்குப் பழம் எதற்கு என்று அக்கா யோசித்தாள். காய்ச்சல் என்றோமே, அதற்காக இருக்கும்.

முதல் மாடியில் அவர் கண்ணாடியைத் துடைத்தார். இரண்டாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“மூச்சு வாங்குதா சார்?”

“இல்ல. நிஜமாவே அவர் தப்பு என் மேலயும் இருக்குன்னு சொன்னாரா?”

விடமாட்டேன் என்கிறாரே! இனி தாங்காது. அந்தக் கிழவர் வாயால் வருவதற்கு முன்னால் தன் வாயால் சொல்லிவிடுவது மேல். பட்டம் போனால் போகட்டும். பில் கவுண்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. மூன்றாம் மாடிக் கடைசிப் படியில் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

“சார், நான் ஒரு உண்மையைச் சொல்லணும். நான் இவரை…”

தட்டாமலே கதவு திறந்தது.

ஒல்லியான ஒரு பெரியவர் வாசலில் நின்றார். கையில் தடி இல்லை. தலை வாரியிருந்தார். சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். அந்தச் சட்டைப் பையில் அக்காவின் நாலு பக்கமும் மடித்து வைத்தபடி துருத்திக்கொண்டிருந்தன.

எல்லாம் முடிந்தது என்று அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சத்தம் ஒன்றும் வரவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். பெரியவர் அவளைப் பார்க்கவே இல்லை. அவளுக்குப் பின்னால், பழப் பையைக் கீழே நழுவ விட்டுவிட்டுத் தலை குனிந்து நின்ற பேராசிரியரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெத்த அப்பனைப் பார்க்க வர்றதுக்கு, பாவம், இந்தப் பொண்ணைப் பத்து வாட்டி மாடி ஏற வெச்சிருக்கியேடா, நீ ஒரு வாட்டி வந்து இந்தக் கதவைத் தட்டியிருக்கக் கூடாதா?” என்றார் பெரியவர்.