கிலோ அண்ணனின் அலுமினிய ஷாஃப்ட்

கிலோ அண்ணனின் காரில் ஏறிய நாத்திகர் எவரும் நாத்திகராக இறங்கியதில்லை. அதற்கு நானே சாட்சி. எண்பதுகளின் நடுவில் சிங்கப்பூரில், பிடோக்கிலிருந்து நகர மையத்தில் இருக்கும் ஷென்டன் வே வரைக்கும் தினமும் காலையில் அவர் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து போனவன் நான். தைப்பூசத்தன்றுகூடக் கோயில் பக்கம் எட்டிப் பார்க்காத நான், அந்தக் காரில் முருகன், மாரியம்மன், வேளாங்கண்ணி மாதா என்று ஒருவரையும் விடாமல் கூப்பிட்டிருக்கிறேன்.

ஒரு கப்பல் ஏஜென்சியில் நாங்கள் வேலை பார்த்தோம். சரக்குகளின் எடையைச் சரிபார்ப்பது அவர் வேலை. நாளெல்லாம் எடையையே பார்த்துப் பார்த்து மனிதருக்கு எடை மேலேயே ஒரு பகை வந்துவிட்டது. தேக்கா மார்க்கெட்டில் கிழவிகள் இன்னும் கட்டி என்ற பழைய எடைக் கணக்கில் மீன் கேட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே இவர் கிலோவில் கனவு கண்டார். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவருடைய அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று எங்களில் யாருக்கும் தெரியாது.

அவரிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருந்தது. அதன் எடையைக் குறைப்பதுதான் அவர் வாழ்க்கை லட்சியம். ரேடியோவைக் கழற்றினார். தரைவிரிப்பைக் கிழித்தெடுத்தார். சாம்பல் கிண்ணம் போனது, பின்கதவின் கைப்பிடி போய் நைலான் கயிறு வந்தது. இப்படிப்பட்டவருக்கு ஒரு சோதனை. காலையில் நகருக்குள் கார் நுழைய வேண்டுமானால் அப்போது காசு கொடுத்து உரிமச் சீட்டு வாங்கி ஒட்ட வேண்டும். காரில் நாலு பேர் இருந்தால் வேண்டாம். ஆகவே மூன்று பேரை ஏற்றியே ஆக வேண்டும். ஆபீஸ் முழுக்கத் தேடி, ஒல்லியாக இருந்த மூன்று பேரைப் பொறுக்கினார். முன்சீட்டில் டைப்பிஸ்ட் ஸ்டெல்லா அக்கா, ஜெபமாலையும் கையுமாக. பின்சீட்டில் நான். என் பக்கத்தில் கணக்குப் பிரிவின் மிஸ்டர் லிம். பிடோக்கில் கண்ணை மூடினால் ஷென்டன் வேயில்தான் திறப்பார்.

தீபாவளி முடிந்த வாரம் காரில் ஏறியபோது அண்ணன் என் வயிற்றைப் பார்த்து, "முறுக்கு ஜாஸ்தி போல இருக்கே தம்பி" என்றார். அவர் சிரிக்கவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிப்பு நின்றது டிரைவ் ஷாஃப்ட் விஷயத்தில்தான். அது என்னவென்று அதுவரை எனக்குத் தெரியாது. இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டு போகும் நீளமான இரும்புக் குழாய். காரின் அடியில், நடு மேட்டுக்குள், என் இடது காலை ஒட்டிச் சுழன்றுகொண்டிருந்த குழாய். பந்தயக் கார்களில் அதை அலுமினியத்தில் செய்கிறார்கள் என்று அண்ணன் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்துவிட்டார். சும்மா கிடக்கும் எடையைவிடச் சுழலும் எடைதான் காருக்குப் பெரிய சுமை என்று லிஃப்டில், கேன்டீனில், கழிவறையில்கூட எங்களுக்கு வகுப்பெடுத்தார்.

பாயா லேபார் பக்கம் ஒரு பட்டறையில் ஷாஃப்டைச் செய்யக் கொடுத்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னையும் கூட்டிப் போனார். பட்டறை முதலாளி வயதான சீனர். எல்லாரும் அவரைத் தவ்கே என்றுதான் கூப்பிட்டார்கள். அலுமினியம் தாங்கும், ஆனால் ஷாஃப்டைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் மாட்டியே ஆக வேண்டும் என்று அவர் மலாயில் சொன்னார். வளையமும் எடைதானே என்று அண்ணன் மறுத்துவிட்டார். வளையம் எதற்கு என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் கேட்டேன். தவ்கே ஒரு சிகரெட் பெட்டியைக் கார் மாதிரி மேசைமேல் ஓட்டினார். அதன் அடியில் ஒரு சாப்ஸ்டிக்கைச் சாய்வாக நட்டார். தாங்கிப் பிடிக்க வளையம் இல்லாமல் ஷாஃப்டின் முன்பக்கம் அறுந்து விழுந்தால் தரையில் இப்படித்தான் குத்தும் என்றார். சிகரெட் பெட்டி அந்தக் குச்சிமேல் எழும்பி, ஒரு குட்டிக்கரணம் போட்டு, கீழே விழுந்தது. தவ்கே அதைப் பொறுக்கி, ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணனுக்கோ கல்யாண வீடு. புது ஷாஃப்டைக் கைலியில் சுற்றி, பஸ்ஸில் ஆபீசுக்கே கொண்டுவந்து எல்லாரையும் தூக்கிப் பார்க்கச் சொன்னார். ஸ்டெல்லா அக்கா ஒரு கையால் தூக்கினார். அது லேசாக மேலே வந்ததும் அவர் முகம் கறுத்துவிட்டது. இதை நம்பியா நாம் போகப் போகிறோம் என்று என் காதில் கேட்டார்.

ஷாஃப்ட் மாட்டிய பிறகு கார் ஓடியது என்று சொல்ல முடியாது, பறந்தது. கூடவே ஒரு முனகலும் வந்தது. வேகம் ஏற ஏற அது ரீங்காரமாகி, என் உள்ளங்கால் வழியாக ஏறிப் பல்லுக்கு வந்து சேரும். போகிற வழியில் கடலுக்கு மேலே உயர்ந்து வளைகிற ஒரு பெரிய பாலம் உண்டு; அதில் ஏறும்போது நான் இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின்மேல் வைத்துக்கொள்வேன். முன்னால் ஸ்டெல்லா அக்காவின் ஜெபமாலை மணிகள் சைக்கிள் சங்கிலி மாதிரி ஓடும். பஸ்ஸில் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். அண்ணன் பிடோக் வீட்டில் தனி ஆள். அவர் பேசக் கிடைத்த ஒரே நேரம் அந்தக் காலைப் பயணம்தான். எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும்.

ஒரு நாள் பாலத்திலிருந்து கார் இறங்கும்போது ஸ்டெல்லா அக்கா அழுதுவிட்டார். சத்தமில்லாமல், கண்ணில் நீர் மட்டும் வழிந்தது. அண்ணன் காரை ஓரம் கட்டி என்ன என்று கேட்டார். நான் தவ்கேயின் சிகரெட் பெட்டியை விவரித்துச் சொன்னேன். அக்கா என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார். அண்ணன் மறுபடி காரை எடுத்து, ஷென்டன் வே வரைக்கும் மெதுவாகவே ஓட்டினார். அவ்வளவு மெதுவாக அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை.

அந்த வாரமே வளையம் மாட்டினார். இரும்பு வளையம், கட்டைவிரல் தடிமன். யாரிடமும் பெருமை பேசவில்லை. ஆனால் கேன்டீனில் அவர் தட்டில் சோறு பாதியாகிவிட்டது. சிக்கன் ரெண்டாங் கறியின் பக்கமே போகவில்லை. உடம்புக்கு ஆகவில்லையா என்று கேட்டதற்கு, வளையத்தின் எடையை எங்கேயாவது ஈடுகட்ட வேண்டாமா என்றார். எங்களைக் குறைக்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

அது நடந்தது ஒரு மழைக் காலை. பாலத்தின் உச்சி. ரீங்காரம் சட்டென்று நின்றது. ஒரே ஒரு கணம் அமைதி. பிறகு என் காலடியில் யாரோ சம்மட்டியால் அடிப்பது போலப் படார் படார் என்று சத்தம். தரைத் தகடு என் கண்முன்னால் புடைத்தது. ஸ்டெல்லா அக்கா ஜெபத்தை நடு வரியில் நிறுத்திவிட்டார். கார் எழும்பப் போகிறது, கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கடலில் விழப் போகிறது என்று நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கார் எழும்பவில்லை. சரிவில் வழுக்கிக்கொண்டே போய் இடது ஓரத்தில் நின்றது.

மிஸ்டர் லிம் கண்ணைத் திறந்தார். "ரீச் ஆல்ரெடி ஆ?" என்று கேட்டார். ஆபீஸ் வந்துவிட்டதாம்.

அண்ணன் மழையில் இறங்கி ஓடிவந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார். காருக்கு அடியில் அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. என் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"காலை அசைச்சுக் காட்டு தம்பி. ரெண்டையும்."

அசைத்துக் காட்டினேன். நம்பாமல் இன்னொரு தடவை அசைக்கச் சொன்னார். அப்புறம் சாலை ஓரத் திட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான்தான் படுத்துப் பார்த்தேன். ஷாஃப்டின் முன்பக்கம் அறுந்து, அந்த இரும்பு வளையத்துக்குள் சாதுவாகப் படுத்திருந்தது.

ஸ்டெல்லா அக்கா குடையோடு அண்ணன் பக்கத்தில் போய் நின்றார். "எழுந்திரு தம்பி. எல்லாரும் இருக்கோம்ல."

"மொத நாள்லேர்ந்தே எனக்கும் பயம்தான்கா" என்றார் அண்ணன், தலையைத் தூக்காமல். "சொன்னா நீங்க யாரும் வரமாட்டீங்கன்னுதான் சொல்லல லா."

இழுவை வண்டி வந்து காரைக் கொண்டு போனது. அந்த வாரம் முழுக்க நாங்கள் பஸ்ஸில் போனோம். அண்ணன் வேறு பஸ்ஸில் வந்தார். கேன்டீனிலும் தள்ளியே உட்கார்ந்தார். பழைய இரும்பு ஷாஃப்டையே திரும்ப மாட்டிவிட்டதாக மிஸ்டர் லிம்மிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமை காலை பஸ் நிறுத்தத்துக்கு என்று கிளம்பினேன். கால் என்னவோ அவர் வீட்டுக் கீழே கார் நிறுத்துமிடத்துக்குத்தான் போனது. அங்கே ஸ்டெல்லா அக்கா ஏற்கெனவே நின்றிருந்தார். கொட்டாவி விட்டபடி மிஸ்டர் லிம்மும் வந்து சேர்ந்தார். எங்களைப் பார்த்ததும் கிலோ அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுத்தமாக இருந்த காரின் முன்கண்ணாடியை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.