ரேடியோ டீச்சர் வாய் மூடிய பெரும்போர்

வாழ்க நா! பல்மதிலுக்குள் வீற்றிருந்தும் ஒருநாளும் சிறைப்படாத செந்நா; கேள்வியைக் கேட்ட மூச்சிலேயே விடையையும் உரைத்து, பிள்ளைகளின் மூளை நோகாமல் காத்தருளிய வள்ளல் நா! அந்நாவுக்கு உரியவரும், சாக்பீஸ் வாளேந்திக் கரும்பலகைக் களம் பல கண்டவரும், மாணவர் உலகம் ரேடியோ டீச்சர் என்று முதுகுக்குப் பின்னால் போற்றும் புகழுடையவருமாகிய மூன்றாம் வகுப்பு ஆசிரியை, தம் நாவோடு தாமே பொருத கதையைச் சொல்லப் புகுந்தோம். மின்விசிறிகாள், சற்றே அடங்குமின்! பிளாஸ்டிக் நாற்காலிகாள், கிறீச்சிடாது கேண்மின்!

ஆசிரியர் பயிற்சி நடந்த அரங்கில், பயிற்சியாளர் அம்மையார் மைக்கைத் தட்டிப் பார்த்து, ஆராய்ச்சி முடிவு என்னும் பேரிடியை அவைமேல் இறக்கினார்.

"பிள்ளை ஒரு சொல்லுல திணறினா, நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க. வாயை மூடிக்கிட்டுக் காத்திருங்க. அதுவே எழுத்துக் கூட்டட்டும். கெட்டிக்காரப் பிள்ளைக்கு மட்டும் இல்ல, எல்லாப் பிள்ளைக்கும்தான்."

அவை கலங்கிற்று. வாத்தியாரைப் பார்த்து வாயை மூடச் சொல்வதா! ஆனால் விதி வலிது. செய்து காட்டுவதற்கு மேடைக்கு அழைக்கப்பட்டவர் நம் ரேடியோ டீச்சர். வாசித்துக் காட்ட அழைத்துவரப்பட்டவளோ அவர் வகுப்பிலேயே இதுவரை ஒரு வரியைக்கூடத் தானாக வாசித்திராத சிறுமி. அவள் முதற்சொல்லிலேயே தடுக்கி டீச்சரை நிமிர்ந்து பார்க்க, டீச்சரும் வழக்கம்போல் சொல்லைத் தானம் செய்ய, அம்மையார் மெல்லச் சொன்னார்: "டீச்சர், அவ புத்தகத்தைப் பாக்கலை. உங்க வாயைத்தான் பாக்கறா."

அம்பு நெஞ்சில் பாய்ந்தது. இத்தனை காலம் தான் ஊட்டியதாக நினைத்ததெல்லாம் பிள்ளையின் பங்கைப் பிடுங்கித் தின்றதுதானா? டீச்சருக்கு முகம் சுண்டிவிட்டது. இன்று இவள் வாசிக்காமல் இந்த மேடையைவிட்டு இறங்குவதில்லை என்று உறுதி பூண்டார்.

அடுத்த வரியில், நெடுங்கழுத்து நீட்டிப் படுத்திருந்தது ஒட்டகச்சிவிங்கி என்னும் கொடுஞ்சொல். "ஒட்… ஒட்டகம்?" என்று ஊகித்துப் பார்த்த சிறுமி, பழக்கப்படி டீச்சரின் உதட்டை நோக்க, அக்கணமே தொண்டைக் கோட்டையிலிருந்து அச்சொல் நால்வகைப் படையோடு புறப்பட்டு, நுனிநாக்கில் கொடி நாட்டி, பல்வாயிலை மதயானையாய் முட்ட, உதடுகளை உள்மடித்து, கன்னங்கள் உப்ப, விழிகள் பிதுங்க, காதோரம் வியர்வை வெள்ளமெனப் பெருக, மேடை மேசையை இருகையாலும் பற்றி நின்றார் நம் வீராங்கனை! இதற்கிடையே பக்கவாட்டில் ஒரு படையெடுப்பு: முன்வரிசையில் அமர்ந்திருந்த கணக்கு வாத்தியார் பொறுக்கமாட்டாமல் "ஒட்டகச்…" என்று வாயைத் திறக்க, டீச்சர் மேடை விளிம்பிலிருந்தே எட்டித் தம் கைப்பையால் அவ்வாயை அடைத்தார்.

சிறுமி மறுபடியும் டீச்சரைப் பார்த்தாள். அங்கே உதடே இல்லை. வேறு வழியில்லாமல் புத்தகத்தைப் பார்த்தாள்.

"ஒட்…ட…கச்… சி…விங்…கி." ஒரு நொடி யோசித்தாள். பிறகு அரங்கமே அதிரக் கத்தினாள்: "ஒட்டகச்சிவிங்கி!"

முழங்கின கரங்கள்! ஆர்ப்பரித்தன நாற்காலிகள்! கைப்பைக்குப் பின்னிருந்து கணக்கு வாத்தியாரும் கைதட்டினார். டீச்சருக்கோ சந்தோஷம் தாங்காமல் கண்ணீர் கொட்டியது. சிறுமி விரலை அடுத்த வரியில் ஊன்றிக்கொண்டு ஆணையிட்டாள்: "டீச்சர், இதையும் நானே படிக்கிறேன். நீங்க சும்மா இருங்க!"

மூவுலகும் வியக்க, வாயாடிகள் குலம் தலைவணங்க, தன் நாவைத் தானே வென்ற அத்தனிப்பெருந்தலைவி ஒரு 'ம்' கூட உதிர்க்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

இடைவேளையில் கணக்கு வாத்தியாரிடம் டீயா காபியா என்று கேட்டார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் டீச்சரே காபி என்று சொல்லிவிட்டார்.