மாமாவின் காலை எடுத்த மெசேஜ்

கத்தியில்லாமல், ரத்தமில்லாமல், வலதுகைக் கட்டைவிரலை மட்டும் வைத்து என் தாய்மாமனின் காலை எடுத்தவள் நான். அடுத்த காலுக்கு மாதமும் குறித்துக் கொடுத்தேன்.

அப்போது கல்லூரியில் கடைசி வருடம். முழு வார்த்தை அடிப்பது வயதானவர்கள் செய்யும் வேலை என்பது எங்கள் செட்டின் கொள்கை. தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்போம். அதிலும் முடிந்தவரை கழித்துவிடுவோம். 'சாப்பிட்டியா' என்பது 'sptya'. 'சரி' என்பது வெறும் 's'. (ஆமாம் என்பதற்கும் அதே 's'தான். எப்படித்தான் புரிந்துகொண்டோமோ!) நெடிலுக்கு இரண்டு 'a' போடுகிற பெண்ணைக் கொஞ்சம் பரிதாபமாகவே பார்ப்போம்.

பட்டாபிராமில் எங்களுக்கு அடுத்த தெருவில் முரளி மாமா வீடு. சர்க்கரைக்காரர். பாதத்தில் ஒரு புண் ஆறாமல் இழுத்துக்கொண்டிருந்தது. சொந்தபந்தம் எல்லாம் போன் போட்டு அதையே விசாரித்துக்கொண்டிருந்தது. கிட்னியில் கல் இருந்தது மட்டும் அவருக்கே தெரியாது. ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தவரை ஆவடியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குடும்ப குரூப்பில் சேதி சொல்லும் பொறுப்பு, வேகமாக டைப் அடிக்கிறவள் என்பதால், எனக்கு வந்தது. 'mama admit' என்று போட்டேன். எதற்கு என்று போடவில்லை. அதெல்லாம் நீளம்.

இரண்டு கல்லில் ஒன்றை எடுத்தார்கள். மறுநாள் காலை மாமா பசிக்கிறது என்றார். அந்தச் சந்தோஷத்தில், இட்லி வாங்கப் போகிற வழியில் அடித்தேன்:

'mama ku kal eduthachu. innoru kal nxt mnth edukanum. mama hpy. dont wry.'

அனுப்பிய கையோடு சார்ஜ் இறங்கி என் போன் அணைந்துபோனது. அத்தையும் குளிக்க வீட்டுக்குப் போயிருந்தார்.

கோவில்பதாகையில் என் பெரியம்மா இருக்கிறார். அம்மாவின் அக்கா, மாமாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அவருக்கு அந்த மெசேஜை மகன் சுரேஷ் அண்ணன் வாசித்துக் காட்டியிருக்கிறான். 'கல்' என்று வாசிக்கவில்லை. 'கால்' என்று வாசித்திருக்கிறான். எல்லோர் மனதிலும் இருந்தது அந்தப் புண் கால்தானே!

மாமா கட்டிலில் சம்மணம் போட்டு, மடிமேல் போர்வையைப் போர்த்தி, அதன்மேல் தட்டை வைத்து இட்லி தின்றுகொண்டிருந்தபோது பெரியம்மா உள்ளே வந்தார். பின்னால் சுரேஷ் அண்ணன், கையில் ஒரு ஜோடி ஊன்றுகோலோடு. (எங்கே கிடைத்தது என்று இன்றுவரை சொல்லவில்லை.)

பெரியம்மா வருவதற்கு முன்பே அவர் குரல் தெருவுக்குள் வந்துவிடும். அன்று சத்தமே இல்லை. நேராகக் கட்டிலருகே போய், மாமாவின் கால் நீண்டிருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கையால் தடவினார். வெறும் மெத்தை.

"இன்னொண்ணையும் எடுக்கணும்னு சொல்லிக்கீறாங்களாமே, முரளி?" என்றார்.

மாமா இட்லியைச் சட்னியில் தோய்த்தபடி, "ஆமாக்கா. ரெண்டையும் சேத்து இப்பவே எடுத்துடுங்கன்னுதான் கேட்டேன். டாக்டர்தான் அப்பால பாத்துக்கலாம்ட்டாரு" என்றார்.

"வலிக்கலியா நைனா?"

"எடுத்தப்புறம் சொகமா கீதுக்கா. டப்பால போட்டுக் குடுத்துக்கீறாங்க. காட்டட்டா?"

மாமா மேஜைப் பக்கம் கையை நீட்ட, பெரியம்மா அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமா பதறிப்போய்த் தட்டு ஒரு பக்கம், போர்வை ஒரு பக்கம் பறக்க இரண்டு காலாலும் கட்டிலிலிருந்து குதித்தார். அதைப் பார்த்த சுரேஷ் அண்ணனின் கையிலிருந்து ஊன்றுகோல்கள் கீழே விழுந்தன.

ஓடிவந்த நர்ஸ் பிரஷர் பார்த்தார். பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார். பெரியம்மாவை மாமாவுக்குப் பக்கத்துக் கட்டிலிலேயே படுக்க வைத்து ஊசி போட்டார்கள். சுரேஷ் அண்ணன் தன் போனை என்னிடம் நீட்டினான். நான் அடித்ததை முதன்முறையாக இன்னொருவர் கண்ணால் வாசித்தேன். ஒரு காலை எடுத்தாயிற்று. அடுத்த கால் அடுத்த மாதம். மாமாவுக்கு மகிழ்ச்சி. கவலை வேண்டாம்.

சரியாகத்தானே அடித்திருக்கிறேன், கல்லுக்கு ஒரு 'a' போதுமே என்று முணுமுணுத்தேன். அப்படியென்றால் மாமாவுக்கு எத்தனை 'a' போட்டிருக்கிறாய் என்று பார்க்கச் சொன்னான். 'mama'. போனை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். மாமா மட்டும், கல்லுக்குக் கால் முளைத்துக் கோவில்பதாகை வரை போய் வந்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் பிரஷர் இறங்கியது. பெரியம்மா கண் திறந்து முதலில் மாமாவின் கால்களைப் பார்த்தார். அப்புறம் என்னை. நான் கட்டிலருகே உட்கார்ந்து அழுதேன். திட்டுவார் என்று நினைத்தேன். என் தலையில் கையை வைத்து, "இனிமே நல்லது கெட்டது எதுவா இருந்தாலும் வாயத் தொறந்து சொல்லுடி" என்றார், அவ்வளவுதான்.

இப்போது எனக்குத் திருமணமாகி ஒரு மகள். குரூப்பில் சுத்தமான தமிழ் எழுத்தில், புள்ளி தவறாமல்தான் அடிக்கிறேன். பிரயோஜனமில்லை. போன மாதம் 'குழந்தைக்குப் பல் முளைத்திருக்கிறது' என்று போட்டேன். அடுத்த நிமிடம் பெரியம்மாவிடமிருந்து போன்.

"ஏண்டி, குறிலா நெடிலா?"

குறில்தான் என்றேன். பால் எங்கேயாவது முளைக்குமா என்றும் கேட்டேன்.

"உன் மெசேஜ்ல எது வேணாலும் முளைக்கும். வாயத் தொறந்து போட்டோ எடுத்து அனுப்பு. அப்பத்தான் நம்புவேன்."

எடுத்து அனுப்பினேன்.