முடிய மறுத்த பாட்டு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் குளிர்ந்தால் அந்தக் கம்பளியை இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாமேதையின் கதை சொல்லப்போகிறேன். நடுவில் தூக்கம் வந்தால் கூச்சப்பட வேண்டாம்; அவர் பாட்டில் பேராசிரியர்களே தூங்கியிருக்கிறார்கள்.

மனித குலத்தை உயர்த்தியவை மூன்று: நெருப்பு, சக்கரம், கிறிஸ்பின் டக்வெல். முதல் இரண்டும் எங்கள் கென்ட் மாவட்டத்தில் பிறக்காததால் மூன்றாவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், கேன்டர்பரிப் பக்கத்து ராக் குழுவான 'பிஷப்பின் மீன்குள'த்தில் அவர் பாடகர். மூன்று நிமிடத்தில் முடிவது வியாபாரம். இசைத்தட்டின் ஒரு பக்கத்தை முழுசாய் விழுங்குவதுதான் பாட்டு என்பது அவர் கொள்கை. வௌவால் அங்கி போட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று பாடுவார். கற்றலுக்கும் ஓய்வே இல்லை. புல்லாங்குழல் கற்றார்; குழுவின் குழல்காரர் வேலையிழந்து வீட்டுக்குப் போனார். பேஸ் கிதாரைக் காலால் வாசிக்கக் கற்றார்; அதை வாசித்துக்கொண்டிருந்த ராய் தன் அப்பாவின் மீன் கடைக்குப் போனான். ஒவ்வொரு முறையும் குழு முறைப்படி கூடி, 'கலையின் தேவைகளை முன்னிட்டு' தீர்மானம் போடும். கடைசித் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மிஞ்சியிருந்ததே ஒரு மனம்தானே.

அந்தத் தீர்மானம் வெளியேற்றியது டிரம்ஸ் வாசித்த டெஸ்மண்ட் பில்பீமை. பள்ளிக்கூடத்தில் கிறிஸ்பினோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். அவன் அடித்த தாளமெல்லாம் டேப்பில் பத்திரமாக இருந்தது. கைவேலை தேவைப்பட்டது, கைக்காரன் தேவைப்படவில்லை.

டெஸ் தன் பெரிய வெண்கலச் சேகண்டியைத் தூக்கிக்கொண்டு நேரே என் மதுக்கடைக்கு வந்து வேலை கேட்டான். சேகண்டியைக் கல்லாவுக்கு மேலே மாட்டினோம். அப்போதெல்லாம் மதியம் இரண்டரைக்குக் கடையை மூடியாக வேண்டும்; சட்டம். சேகண்டி ஒலித்தால் குவளையைக் காலி செய்ய வேண்டும் என்று ஊருக்கே பழகிப்போனது.

என் கடைக்கு அடுத்த கட்டடம் சர்ச் மண்டபம். ஒரு சனிக்கிழமை மதியம் அங்கே கிறிஸ்பினின் தனிக் கச்சேரி. இசைத்தட்டுக் கம்பெனியின் ஆர்ம்ஸ்பி லண்டனிலிருந்து வந்திருந்தார். அவருக்குப் பிடித்தால் இசைத்தட்டு. பிடிக்காவிட்டால் மேதை தன் அப்பாவின் சவப்பெட்டிக் கடைக்குப் போக வேண்டியதுதான்.

இரண்டு கை, இரண்டு கால், ஒரு வாய், ஒரு டேப். எல்லாம் அழகாகப் போனது. பாட்டை முடித்துவைக்கும் சேகண்டி ஒலி வரவேண்டிய இடத்தில் டேப் சிக்கிக்கொண்டது.

கிறிஸ்பின் சட்டென்று நிறுத்தினார். யாரும் கை தட்டவில்லை. அவர் பாட்டில் நீண்ட மௌனங்கள் சகஜம். மௌனத்தின் நடுவே கை தட்டுபவன் பாமரன் என்று பெயரெடுக்க எங்கள் ஊரில் யார் துணிவார்கள்? இருமிய ஒருவரைப் பாதிரியார் முறைத்தார். கிறிஸ்பின் குனிந்து வணங்கினார். அதையும் பாட்டின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் மறுபடி வாசிக்க ஆரம்பித்தார். ஆர்ம்ஸ்பி ரயிலை நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

கடை ஜன்னல் வழியாக எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"அவன் மாட்டிக்கிட்டான், டெஸ். ஒரு தட்டு தட்டிவிடேன்," என்றேன்.

"மூடுற நேரம் இன்னும் ஆகலை, பெரில். சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல?" என்று குவளையைத் துடைத்தான்.

"கால்லயே எல்லாம் வாசிக்கிறவராச்சே," என்றான் ராய், தன் பியரிலிருந்து தலை நிமிராமல். "உதைச்சுப் பார்க்கச் சொல்லு."

அப்போது மண்டபத்திலிருந்து புதிதாய் ஒரு சரணம் மிதந்து வந்தது: "வெண்கலத்தின் காவலனே, திரும்பி வா..."

டெஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். "காவலனா? எனக்குப் பேரு இல்லையா?"

"பெயரறியா நண்பனே, இரங்கி வா..."

"எங்கம்மா வெச்ச பேரு, கிறிஸ். அதைச் சொல்லு."

மண்டபத்தில் இருந்தவர்கள் அதை டேப்பில் வரும் எதிர்க்குரல் என்று நினைத்துச் சிலிர்த்துப்போனார்களாம்.

இசை நின்றது. பிறகு, ஏழு தட்டுத் தாளத்தில் இழுத்து, உடைந்த குரலில்: "டெ...ஸ்...மண்ட்."

டெஸ் துடைத்துக்கொண்டிருந்த குவளையைக் கீழே வைத்தான். சேகண்டியை ஓங்கி அடித்தான். இந்தப் பக்கம் என் வாடிக்கைக்காரர்கள் திட்டிக்கொண்டே குவளையை வாயில் கவிழ்த்தார்கள். அந்தப் பக்கம் மண்டபமே எழுந்து கை தட்டியது. ஆர்ம்ஸ்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினார்.

இசைத்தட்டு வந்தது, உலகம் கொண்டாடியது. உறையில் ஒரே வரி: 'குரல், குழல், கிதார், ஆர்கன், டிரம்ஸ், சேகண்டி: கிறிஸ்பின் டக்வெல்.' அந்த டெஸ்மண்ட் யார் என்று அறிஞர்கள் மோதிக்கொண்டார்கள். பழங்காலக் கடல் தெய்வம் என்றார் ஒருவர். மனிதனின் தொலைந்துபோன ஆன்மா என்றார் இன்னொருவர். மேதையையே கேட்டார்கள். அவர் அடக்கமாகச் சொன்னார்: "டெஸ்மண்ட் என் கற்பனை."

அந்தக் கற்பனையைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன். ஏழு தட்டில் குறட்டை விடும். இப்போது உள்ளே உங்களுக்காக உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறது.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுக் கூரை ஒழுகாதிருக்கட்டும், அடுப்பு அணையாதிருக்கட்டும். உங்களுக்காக உழைக்கும் கையின் பெயரைக் கேட்டால் பட்டென்று சொல்லும் நாக்கு உங்கள் வீட்டில் எல்லோருக்கும் வாய்க்கட்டும். அந்த நாக்கு வாய்க்காத ஆளைத்தான் ஊர் மேதை என்கிறது.